யாருக்காக நின்றாள்?



1850 மார்ச் மாதம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துத் தலைநகரான கொலம்பியாவில் ஜோசப் ஜீலி என்பவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்த ஸ்டூடியோவுக்கு ஏழு பேரைக் கொண்டுவந்தார்கள். எழுவரும் அடிமைகள். ஐவர் ஆண்கள், இருவர் பெண்கள். பெண்களின் பெயர் டெலியா, டிரானா. டெலியாவின் தகப்பனார் ரென்டியும் டிரானாவின் தகப்பனார் ஜாக்கும் அந்த எழுவரில் அடக்கம். பெண்களின் உடையை இடுப்புவரை இறக்கிவிட்டு, முன்பக்கம் பார்த்தபடி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் என்று எடுத்தார்கள்.

எடுக்கச் சொன்னவர் லூயி அகாசி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற விலங்கியல் பேராசிரியர். மனித இனங்கள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல, கறுப்பின மக்கள் தனியாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கொள்கையை அவர் நம்பினார். அதற்குச் சான்று வேண்டியிருந்தது. தகப்பனும் மகளும் ஒரே தொகுப்பில் மாதிரிப் பொருள்களாக ஆனார்கள்.

அவை டாகெரோடைப் படங்கள். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் நேரடியாக விழும் உருவம் அது. நெகட்டிவ் கிடையாது, இருப்பது ஒரே பிரதிதான். தகடு கண்ணாடிபோல் பளபளப்பதால் நேராகப் பிடித்தால் பார்ப்பவரின் முகமே அதில் தெரியும். சற்றுச் சாய்த்தால்தான் உள்ளே இருப்பவர் தெரிவார். மொத்தம் 15 தகடுகள். ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் கிடந்தவை 1976இல் வெளியே வந்தன.

இன்று நான் பேச வந்தது இப்படிக் கண்டெடுக்கப்பட்ட புகைப்படங்களைப் பற்றியும், அவற்றை எடுத்தாளும் கலைஞர்கள் அவற்றில் உள்ள பெண்களை என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியும். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கலைஞர்கள் பலர் கேமராவைக் கீழே வைத்துவிட்டார்கள். பழைய சாமான் சந்தைகள், மூடிய ஸ்டூடியோக்கள், ஏலங்கள், அருங்காட்சியகப் பெட்டிகள் ஆகியவற்றிலிருந்து படங்களைப் பொறுக்கி, அவற்றிலிருந்தே புதிய படைப்புகளைச் செய்கிறார்கள். இதில் எனக்கு எதிர்ப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பழைய படத்தில் நிற்கும் பெண் யாரோ ஒருவரின் தேவைக்காக அங்கே நிறுத்தப்பட்டாள். அறிவியலுக்காக, வியாபாரத்துக்காக, காவல்துறைக்காக, மாப்பிள்ளை வீட்டாருக்காக. படம் கைமாறினாலும் அந்தத் தேவை படத்தை விட்டுப் போவதில்லை. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவராத கலைஞர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பெண்ணை அதே வேலைக்கு இன்னொரு முறை நிறுத்துகிறார்.

டெலியாவிடம் திரும்புவோம். 1995இல் கேரி மே வீம்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞரை லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி அருங்காட்சியகம் அழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பின மக்களை எடுத்த படங்களின் கண்காட்சி ஒன்று அங்கே நடக்கவிருந்தது. அந்தப் படங்களுக்கு அவருடைய மறுமொழியை ஒரு படைப்பாகச் செய்து தரக் கேட்டார்கள். அவர் செய்ததன் பெயர் ‘இங்கிருந்து நடந்ததைக் கண்டேன், அழுதேன்’. அதில் 30க்கும் மேற்பட்ட படங்கள். ஜீலி எடுத்த நால்வரின் படங்கள் அதில் உண்டு. டெலியா, டிரானா இருவரும் உண்டு. பழைய படங்களை மறுபடி எடுத்துப் பெரிதாக்கி, இரத்தச் சிவப்பேற்றி, வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டைக்குள் வைத்தார். கேமராவின் லென்ஸ் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். மேலே கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எழுத்துகள் பொறித்திருக்கிறார். எழுத்துகள் அந்த மனிதர்களைப் பற்றிப் பேசவில்லை, அவர்களிடமே பேசுகின்றன. உன்னை அறிவியல் ஆய்வுக்கான பக்கவாட்டு உருவமாக ஆக்கினார்கள், ஓர் இனத்தின் மாதிரியாக ஆக்கினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கின்றன. வரிசையின் முதலிலும் முடிவிலும் நீல நிறத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் பக்கவாட்டு முகம். ஒரே படம்தான், கடைசியில் திசை மாறி நிற்கிறது. நடுவில் இருக்கும் எல்லோரையும் அவள் இரு பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது அந்தக் கண்ணாடிதான். டெலியாவின் உடம்பைப் பார்க்க வேண்டுமானால் அந்த எழுத்துகளைக் கடந்துதான் பார்க்க முடியும். அகாசி உற்றுப் பார்த்த இடத்தில், அவர் என்ன நோக்கத்தோடு பார்த்தார் என்பதை வீம்ஸ் எழுதி நிறுத்திவிட்டார்.

இந்தத் திரையில் அந்தப் படத்தை நான் போடப்போவதில்லை. அறிவிப்பிதழில் படங்களுடன் உரை என்று இருப்பதால் காரணம் சொல்ல வேண்டியது என் கடமை. வீம்ஸின் படைப்பைப் புத்தகத்தில் அச்சிட்டாலும் திரையில் போட்டாலும் கண்ணாடி மறைந்துவிடுகிறது. பொறித்த எழுத்து படத்துக்குக் கீழே போடும் விளக்கம்போல் ஆகிவிடுகிறது. உடம்பு மறுபடியும் முன்னால் வந்துவிடுகிறது. கண்காட்சிக் கூடத்தில் அந்தப் படைப்பு தடுத்த பார்வையை என் திரை மறுபடி அனுமதித்துவிடும்.

ஜீலியின் படங்களை எடுத்தாண்டதற்காக வீம்ஸ் மீது வழக்குப் போடுவோம் என்று ஹார்வர்ட் எச்சரித்தது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம், அறம் என் பக்கம் இருக்கலாம், பொது மன்றத்தில் பேசிப் பார்ப்போம் என்ற நிலையை அவர் எடுத்தார். வழக்கு வரவில்லை. அதே பல்கலைக்கழகம் பின்னால் அந்தப் படைப்பின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கியது.

வழக்கு வேறு திசையிலிருந்து வந்தது. ரென்டி என் கொள்ளுத் தாத்தாவுக்கும் மூத்தவர், அவருடைய படங்களை எங்களிடம் கொடுங்கள் என்று 2019இல் டமாரா லேனியர் என்ற பெண்மணி ஹார்வர்ட் மீது வழக்குத் தொடுத்தார். படம் எடுத்தவருக்கே சொந்தம், படத்தில் இருப்பவருக்கு அதன்மேல் சொத்துரிமை இல்லை என்று 2021இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2022இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் சொத்துரிமை விஷயத்தில் அதையே உறுதிசெய்தது. ஆனால் அவருடைய கோரிக்கையைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்துக்காக மன வேதனைக்கு ஈடு கேட்டு அவர் வழக்கை நடத்தலாம் என்றது. 2025 மே மாதத்தில் சமரசம் ஏற்பட்டது. ஜீலியின் தகடுகளை ஹார்வர்ட் விட்டுக்கொடுக்க, அவை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் உள்ள சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போவதென முடிவானது. உரிமையைச் சட்டம் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அடிமையாக நிறுத்தி எடுத்த படமானாலும் அது எடுத்தவர் பக்கத்துச் சொத்து என்பதுதான் இன்றைய சட்டம். கலைஞர்கள் அந்தச் சட்டத்தை நம்பித் தங்கள் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு தொகுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஸ்டோரிவில் என்ற பகுதியில் 1897 முதல் 1917 வரை பாலியல் தொழில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த பெண்களை 1912 வாக்கில் பெலோக் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். அவர் 1949இல் இறந்தார். எஞ்சியிருந்த 89 தகடுகளை லீ ஃப்ரீட்லேண்டர் என்ற புகைப்படக் கலைஞர் 1966இல் வாங்கி, பழைய முறையிலேயே அச்சிட்டார். 1970இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. மென்மையான படங்கள் அவை. ஒரு பெண் கோடு போட்ட காலுறையோடு மதுக்கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. சில தகடுகளில் மட்டும் பெண்களின் முகத்தைக் கீறி அழித்திருக்கிறார்கள். இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி தன் முதல் நாவலில் பெலோக்கை ஒரு பாத்திரமாகவே ஆக்கினார். திரைப்பட இயக்குநர் லூயி மால் அவரை வைத்து 1978இல் ஒரு திரைப்படம் எடுத்தார். ஆக, எடுத்தவருக்குப் புகழ், கண்டெடுத்தவருக்குப் புகழ், கற்பனை செய்தவருக்குப் புகழ். படத்தில் இருந்த பெண்கள் பெயரில்லாமலே இருந்துவிட்டார்கள். ஃப்ரீட்லேண்டர் அந்தத் தகடுகளை அழியாமல் காத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இருந்தாலும், ரசித்துக் காப்பாற்றுவது மட்டும் போதாது என்பதற்கு என் மனத்தில் இருக்கும் முதல் உதாரணம் இதுதான்.

நம் ஊரிலும் ரசனை என்ற பெயரில் இது நடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தபால் அட்டைகளில் வந்த ஆடல் மகளிரின் படங்களைப் பெரிதாக்கி, பழுப்பு நிறம் ஏற்றி, ஓட்டல் சுவர்களில் மாட்டுகிறார்கள். அந்தத் தபால் அட்டைகள் யாருக்காக அச்சடிக்கப்பட்டன? இங்கே வந்துபோன ஐரோப்பியர்கள் ஊருக்கு அனுப்புவதற்காக. பின்னர் அந்தப் பெண்களின் வாழ்வையே சட்டமும் சமூகமும் புரட்டிப்போட்டன. அதெல்லாம் இல்லாமல், நகையும் பார்வையும் மட்டும் சுவருக்கு வந்திருக்கின்றன. அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் வருவதில்லை.

பெண் கலைஞர்கள் சிலர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பழைய படத்துக்குள் தாங்களே போய் நிற்பது. அமெரிக்கக் கலைஞர் லோர்னா சிம்ப்சன் 2009இல் இணைய ஏலத்தில் ஒரு தொகுப்பை வாங்கினார். 1957இல் லாஸ் ஏஞ்சலிசில் எடுத்தவை. பெரும்பாலான படங்களில் ஒரே கறுப்பினப் பெண், சினிமாவில் வாய்ப்புத் தேடுபவர்போல, காலண்டர் அழகிபோல, விதவிதமாக நின்று காட்டுகிறார். ஓர் ஆணும் சிலவற்றில் இருக்கிறார். சிம்ப்சன் அந்த உடைகளுக்கு ஒத்த உடைகளைத் தேடி, அதே நிலைகளில் தானே நின்று படமெடுத்தார். ஆணின் நிலையிலும் அவரே நின்றார். பழையதையும் புதியதையும் கலந்து சுவரில் மாட்டினார். எது 1957, எது 2009 என்று பிரித்தறியப் பார்வையாளர் திணற வேண்டும். இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. அதுவரை சிம்ப்சன் தன் படங்களில் பெண்களை முதுகு காட்டி நிறுத்தியவர். முகத்தைக் காட்டுவதை மறுப்பதே அவருடைய கலையாக இருந்தது. கண்டெடுத்த பெண்ணின் முகத்தைச் சுவரில் மாட்டப்போகிறோம் என்றவுடன், அவர் தன் முகத்தையும் கூடவே கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை இது நேர்மையான கணக்கு.

இந்தியாவில் இந்த வழியில் வெகுதூரம் போனவர் பெங்களூருவின் புஷ்பமாலா. சிற்பம் படித்தவர். அதே ஊரில் வாழும் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை ‘தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்: பழக்க வழக்கங்கள்’ என்ற தொடரைச் செய்தார். தலைப்பே வெள்ளைக்காரர் காலத்து இனவியல் நூல்களின் தலைப்பைப்போல் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் பெண் படிமங்களை எடுத்துக்கொண்டு, உடை, நகை, பின்னணித் திரை, வெளிச்சம் எல்லாவற்றையும் மீண்டும் உருவாக்கி, நடுவில் அவர் நின்றார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், அவருடைய அச்சகத்து லட்சுமி, பீஜப்பூர் ஓவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, 1970களின் தமிழ்ப்பட ஸ்டில் ஒன்றில் சாட்டையோடு நிற்கும் கதாநாயகி, 2001இல் செய்தித்தாளில் வந்த கைதான பெண்களின் படம். நம் வீட்டுப் பூஜையறையும் காலை நாளிதழும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

அந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தோடர் பெண்ணின் படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்குப் போன ஆங்கிலேயர்கள் தோடர்களை ஓயாமல் அளந்தார்கள், வரைந்தார்கள், படமெடுத்தார்கள். வில்லியம் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, மண்டை அமைப்பிலிருந்து குணத்தைக் கணிக்கும் அன்றைய ஆய்வை நம்பி, தோடர்களைப் பற்றிப் படங்களோடு ஒரு நூலை 1873இல் வெளியிட்டார். 1869இல் ஜான் லாம்ப்ரே என்பவர் இந்த அளவெடுப்புக்கு ஒரு முறையை வகுத்திருந்தார். மரச்சட்டத்தில் பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரண்டு அங்குலக் கட்டங்கள் ஆக்கி, அதற்கு முன்னால் ஆளை உடையில்லாமல் நிறுத்துவது. கட்டங்களை எண்ணினால் உடம்பின் அளவு கிடைத்துவிடும். இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்த கதை அல்ல. எழும்பூரில் உள்ள நம் அரசு அருங்காட்சியகத்துக்கு 1885இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் தலையையும் அளந்து அளந்து, கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி நூல் எழுதினார். இன்றும் சாதி வரலாறு எழுதுகிறவர்கள் அந்தத் தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

புஷ்பமாலா அந்தக் கட்டங்களுக்கு முன்னால் போய் நின்றார். இப்போது அளக்கப்படும் உடம்பும் அளவெடுப்பை ஏற்பாடு செய்த மூளையும் ஒருவருடையவை. டெலியாவின் படத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே கடலளவு தூரம் இருந்தது. அந்தத் தூரத்தை அழித்துக் காட்டும்போதுதான் பழைய படத்தில் எவ்வளவு வன்முறை இருந்தது என்று நமக்கு உறைக்கிறது. கட்டம் போட்ட திரை ஒரு நாடகச் சாமான் என்றால், அறிவியல் என்ற பெயரில் நடந்ததும் நாடகம்தானே? லட்சுமிக்குப் பின்னால் தொங்கும் தாமரைக் குளமும் தோடர் பெண்ணுக்குப் பின்னால் தொங்கும் கட்டங்களும் ஒரே ஸ்டூடியோவில் செய்தவை என்று தெரியும்போது இரண்டுமே நம்பகத்தன்மையை இழந்துவிடுகின்றன.

ஆனாலும் இங்கே ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நகரத்தில் வளர்ந்த, உலகக் கண்காட்சிகளில் இடம்பெறும் ஒரு கலைஞர் தோடர் பெண்ணாக வேடம் போடும்போது, அந்தப் படத்தில் தோடர் பெண் ஒருத்தியும் இல்லை. லட்சுமியிடம் அனுமதி கேட்க முடியாது. தோடர் பெண்களிடம் கேட்க முடியும். அவர்கள் ஊட்டியைச் சுற்றி, மந்து எனப்படும் தங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு நூலால் வெள்ளைத் துணியில் அவர்கள் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தங்கள் பாட்டிகளை நிறுத்தி எடுத்த படங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். தொடரின் மதிப்பு இதனால் போய்விடவில்லை. அடுத்து வருபவர்கள் செய்ய வேண்டிய வேலை எது என்பது இங்கே தெரிகிறது.

இலங்கைக் கலைஞர் அனோலி பெரேரா வேறொரு வழி எடுத்தார். 2010, 2011 வாக்கில் அவர் செய்த தொடரில், காலனிக் காலத்து ஸ்டூடியோப் படங்களைப்போலவே பெண்கள் அலங்கார உடையில் நாற்காலியிலும் தூணருகிலும் அமைதியாக இருக்கிறார்கள். ஆனால் தலைமுடியை முன்னால் வாரிப் போட்டு முகத்தை முழுக்க மூடிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க வந்தவருக்கு முடி மட்டும்தான் கிடைக்கிறது. அவிழ்த்த கூந்தல் என்றால் நமக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மனத்துக்கு இதமான ஓர் உதாரணமும் உண்டு. நெதர்லாந்தின் தில்பர்க் நகரத்துத் திருவிழாவில் ஒரு துப்பாக்கி சுடும் கடை. குண்டு குறியில் பட்டால் கேமரா தானாக இயங்கிச் சுட்டவரைப் படமெடுக்கும்; அதுதான் பரிசு. 1936இல் 16 வயதில் முதல்முறை குறியடித்த ஒரு பெண், பல பத்தாண்டுகள் தொடர்ந்து சுட்டார். 1939 முதல் 1945 வரை போர்க்காலத்தில் மட்டும் படங்கள் இல்லை. எரிக் கெசல்ஸ் என்பவர் இந்தப் படங்களைத் தொகுத்து நூலாக்கினார். கன்னத்தில் துப்பாக்கியை அணைத்து, ஒற்றைக் கண்ணால் நம்மை நோக்கிக் குறிபார்க்கும் இளம்பெண் பக்கம் பக்கமாக மூத்து மூதாட்டி ஆகிறார். அவர் நின்றது அவருக்காகவே. ஒவ்வொரு படத்தையும் எடுத்ததும் அவருடைய குறிதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். இங்கே கலை படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பழைய போட்டோ ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு இப்படிப்பட்ட ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறார்கள். அது பெரிய தொண்டு. அவர்கள் கைக்கு எட்டாதவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தேக்குச் சட்டத்துக்காக வாங்குகிறவர்கள் உள்ளே இருக்கும் ஆச்சியின் படத்தை என்ன செய்வார்கள் என்று நான் சொல்ல வேண்டாம்.

அந்த ஸ்டூடியோக்களில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூப்பெய்திய பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ ஜடை தைத்து, ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார்கள். முகமும் தெரிய வேண்டும், கண்ணாடியில் ஜடையும் தெரிய வேண்டும். அழகான படம். அந்தக் கண்ணாடி உத்திக்காகவே ஓர் இளம் கலைஞர் அதைத் தூக்கிக்கொள்வார். நானும் அவர் இடத்தில் இருந்தால் தூக்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் படம் ஒரு சிறுமியின் உடம்பில் நடந்ததை உறவுக்கும் ஊருக்கும் அறிவிக்க எடுத்தது. அந்தக் கணத்தில் அந்தச் சிறுமிக்குப் பெருமையா கூச்சமா, இரண்டுமா? அத்தைகள் சூழ நிற்கும்போது அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண் பார்க்க அனுப்பிய படங்களும் அப்படித்தான். திரும்பி வந்த படம் எத்தனை, வராத படம் எத்தனை!

டெலியாவிடம் இனி யாரும் எதையும் கேட்க முடியாது. வீம்ஸ் செய்ததெல்லாம் கேட்க முடியாத நிலையில் செய்தது. நம் நிலை அதுவல்ல. 1965இல் பூ ஜடையோடு நின்ற பெண்ணுக்கு இன்று எழுபதைத் தாண்டியிருக்கும். அந்த ஊரிலேயே, ஸ்டூடியோ இருந்த தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருக்கக்கூடும். ஸ்டூடியோக்காரர்கள் ஒழுங்கானவர்கள். நெகட்டிவ் உறையின்மேல் எண் போட்டிருப்பார்கள், பேரேட்டில் பெயர் எழுதியிருப்பார்கள். ஆகவே படக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். உறைகளையும் பேரேட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கள். அந்த அம்மா காபி கொடுப்பார், கதை சொல்வார், யார் அந்த நகையைக் கொடுத்தது, யார் திட்டியது, அந்தப் பாவாடை என்ன நிறம் என்று சொல்வார். அவர் சொல்வதைப் படைப்பில் சேர்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பிரிண்ட்டோடு நெகட்டிவையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.